தோப்புக்கரணம் போட்ட தம்பி: தசைச்சிதைவு நோய் பற்றி ஒரு பாடம்

எங்கள் ஞாயிறு வகுப்பில் மாதம் ஒருமுறை ஓர் உறுப்பினர் தான் படித்த ஏதாவது ஒன்றைப் பாடமாக நடத்த வேண்டும். என் முறை வந்தபோது எல்லாரும் நான் என்ஜின் பற்றியோ ரோபோ பற்றியோ பேசப்போகிறேன் என்று நினைத்தார்கள். ஸ்கூடாயில் இயந்திரவியல் படிக்கிறவன் வேற என்னத்தைப் பேசுவான்? ஆனால் நான் எடுத்துக்கொண்டது தசைச்சிதைவு நோய். காரணம் என் சித்தி மகன். அவனுக்கு இப்போது வயது 13. அவனை இங்கே தம்பி என்றே எழுதுகிறேன். வகுப்பில் பேசியதைவிடக் கொஞ்சம் விரிவாக இந்தக் கட்டுரை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

தம்பிக்கு 6 வயது இருக்கும்போது நான் படிவம் 3. பள்ளிக் காற்பந்துக் குழுவில் இருந்தேன். அவன் ஓடினால் விழுவான். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவான். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடப்பான். சித்தி, "சோம்பேறித்தனம்டா, நீயாவது அவனுக்குச் சொல்லிக்கொடு"ன்னு என்கிட்ட விட்டாங்க. நானும் பெரிய பயிற்றுநர் மாதிரி தினமும் சாயங்காலம் தாமான் கோவிலுக்குக் கூட்டிப்போய், பிள்ளையார் முன்னாடி 30 தோப்புக்கரணம் போட வைப்பேன். பத்தைத் தாண்டினால் எழுந்திருக்கவே முடியாது. தரையில் கையை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்து, அடுத்த கையைத் தொடையில் வைத்து, தன் உடம்பின் மேலேயே ஏணி ஏறுவது போல எழுந்து நிற்பான். நான் சிரித்தேன். "தாத்தா மாதிரி எழுந்திரிக்கிறான் பாரு"ன்னு மற்ற பசங்ககிட்டயும் சொன்னேன்.

அப்படி எழுந்திருப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. கவர்ஸ் அறிகுறி. வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1879-இல் விவரித்தது. இடுப்பிலும் தொடையிலும் வலு இல்லாத பிள்ளை, கைகளின் உதவியால் எழுந்திருக்கிற முறை அது. ஒரு சின்னப் பையன் அப்படி எழுந்திருப்பதைப் பார்த்தால் சிரிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஏமாற்று, கெண்டைக்கால். தம்பியின் கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு இருக்கும். சொந்தக்காரர்கள் எல்லாரும், "பந்து ஆடுற கால்டா இது"ன்னு தட்டிக்கொடுப்பாங்க. உண்மையில் அங்கே நல்ல தசை குறைந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் நிரம்பிக்கொண்டிருந்தது.

கண்டுபிடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஓர் இடத்தில் தட்டைப் பாதம் என்றார்கள். இன்னோர் இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து, கல்லீரல் எண்கள் அதிகம் என்று பல மாதம் கல்லீரலையே சோதித்தார்கள். இது பல நாடுகளில் நடக்கிற குழப்பம்தான். ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற அந்த நொதிகள் கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கின்றன. தசை உடைந்தாலும் இரத்தத்தில் ஏறும். கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர் சி.கே. என்று சுருக்கமாகச் சொல்லும் கிரியாட்டின் கைனேஸ் சோதனை எடுக்கச் சொன்னார். சாதாரணமாக 200-க்குள் இருக்க வேண்டியது, தம்பிக்கு 18,000. பிறகு மரபணுச் சோதனை. டுஷேன் தசைச்சிதைவு என்று உறுதியானது. அவனுக்கு அப்போது 7 வயது.

தசைச்சிதைவு என்பது ஒரே நோய் இல்லை, ஒரு குடும்பம். இடுப்பு தோள் தசைகளைப் பிடிக்கிற வகை ஒன்று, முகத்தில் தொடங்குகிற வகை ஒன்று, கையை மூடினால் திறக்கத் தாமதமாகிற வகை ஒன்று என்று பல. பிள்ளைகளிடம் அதிகம் காண்பது டுஷேன். ஏறக்குறைய 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. 1860-களில் இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் டுஷேனின் பெயர்தான் நிலைத்தது. அவருக்கும் முன்பே லண்டனில் எட்வர்ட் மெரியன் என்பவர் ஒரே குடும்பத்துச் சகோதரர்களிடம் இதைக் கண்டு எழுதியிருந்தார். பாவம், அவர் பெயர் நிலைக்கவில்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? 1987-இல் அமெரிக்காவில் குங்கெல் என்பவரின் ஆய்வுக்குழு ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தது. பெயர் டிஸ்ட்ரோஃபின். தசை நாருக்குள் இழுக்கிற கம்பிகள் மாதிரி இழைகள் இருக்கின்றன. வெளியே மெல்லிய சவ்வு இருக்கிறது. இழைகள் சுருங்கும்போது வருகிற அதிர்ச்சியைச் சவ்வு நேரடியாகத் தாங்கினால் கிழிந்துவிடும். இடையில் நங்கூரமாகவும் அதிர்வுதாங்கியாகவும் நிற்பது டிஸ்ட்ரோஃபின். மோட்டார் சைக்கிளில் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டுக் குழி நிறைந்த செம்பனைத் தோட்டச் சாலையில் ஓட்டினால் என்ன ஆகும்? முதல் நாள் ஓடும். ஒரு மாதத்தில் சட்டமே விரிசல் விடும். தம்பியின் தசை அப்படித்தான். ஒவ்வோர் அசைவிலும் சவ்வில் சின்னச் சின்னக் கிழிசல், அதன் வழியே கால்சியம் உள்ளே புகுந்து நாரை அழிக்கிறது, உடம்பு பழுது பார்க்கிறது, மறுபடியும் கிழிகிறது. ஒரு கட்டத்தில் பழுது பார்க்க ஆள் இல்லாமல் கொழுப்பும் தழும்பும் நிரம்பிவிடுகின்றன.

இதில் தசைக்கு மிகக் கஷ்டமானது, நீண்டுகொண்டே பாரம் தாங்குவது. படி இறங்குவது அப்படி. மலை இறங்குவது அப்படி. தோப்புக்கரணத்தில் உட்காரப் போகிற பாதி அப்படி. இதைப் படித்த அன்று விடுதி அறையில் மடிக்கணினியை மூடிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் சித்தியிடம், "அந்தப் பயிற்சியால் இந்த நோய் வரவில்லை, யாரும் காரணமில்லை" என்றுதான் சொன்னார். அது உண்மை. ஆனாலும் 30 வரை எண்ணியது என் குரல்.

அடுத்தது மரபணு. டிஸ்ட்ரோஃபின் செய்யும் குறிப்பு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மனிதனிடம் உள்ள மரபணுக்களிலேயே நீளமானவற்றில் ஒன்று. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள், அவற்றில் புரதம் செய்யப் பயன்படுகிறவை 79 துண்டுகளாக இருக்கின்றன. செல் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். வகுப்பில் நான் பலகையில் இப்படி எழுதினேன்:

அப்பா அம்மா தம்பி அக்கா பாட்டி

எல்லாம் மூன்று எழுத்துச் சொற்கள். இப்போது 'அம்மா'விலிருந்து 'ம்' ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, மறுபடியும் மூன்று மூன்றாகப் படியுங்கள்: அப்பா, அமாத, ம்பிஅ, க்காபா, ட்டி. ஓர் எழுத்து போனதற்கு அதன்பின் வந்த எல்லாமே குழம்பிவிட்டது. இதுதான் டுஷேன். அதற்குப் பதிலாக 'அம்மா' என்ற மூன்று எழுத்தும் முழுசாகப் போனால்? அப்பா, தம்பி, அக்கா, பாட்டி. ஒருவர் குறைந்தார், ஆனால் குடும்பம் படிக்க முடிகிறது. குட்டையான, ஓரளவு வேலை செய்கிற டிஸ்ட்ரோஃபின் உருவாகும். அது பெக்கர் என்ற மெதுவான வகை. அந்த நோயாளிகளில் பலர் பெரியவர்களான பிறகும் நடக்கிறார்கள்.

தம்பிக்கு 45 முதல் 50 வரையான துண்டுகள் இல்லை. 51-ஐயும் தாண்டிப் படிக்க வைத்தால் வரிசை மறுபடியும் சரியாகும் என்பது கணக்கு. அதற்கென்றே எடெப்லிர்சென் என்ற ஊசியை 2016-இல் அமெரிக்கா அனுமதித்தது. வாரா வாரம் போட வேண்டும், பலன் எவ்வளவு என்று இன்றும் விவாதம், விலை நம் கைக்கு எட்டாதது. 2023-இல் ஒரே முறை செலுத்துகிற மரபணுச் சிகிச்சை வந்தது, பெயர் எலெவிடிஸ், விலை 32 லட்சம் அமெரிக்க டாலர். 2025-இல் நடக்க முடியாத நிலையிலிருந்த சிறுவர் இருவர் அதைப் பெற்ற பின் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அதன்பின் கட்டுப்பாடுகள் வந்தன. இதையெல்லாம் சொல்வது நம்பிக்கையைக் கெடுக்க இல்லை. வாட்ஸ்அப்பில் "குணமாக்கும் மருந்து வந்துவிட்டது" என்று செய்தி வரும்போதெல்லாம் சித்தி எனக்கு அனுப்புவாங்க. நான் பதில் எழுதிப் பழகிவிட்டேன். ஸ்டெம் செல் என்று சொல்லி ஓர் இடத்தில் சித்தப்பாவின் சேமிப்பில் பெரும்பகுதி போனது. இந்த நோய்க்கு ஸ்டெம் செல் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும் கூடாது. ஏற்கெனவே கிழிகிற தசை அது.

முழுக் குணம் இல்லை என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. முன்பு இந்தப் பிள்ளைகள் பதின்ம வயதிலேயே இறந்தார்கள். இன்று நல்ல பராமரிப்பில் பலர் முப்பதைத் தொடுகிறார்கள், தாண்டுகிறார்கள். அந்தக் கூடுதல் வருடங்களை எந்த அதிசய ஊசியும் கொடுக்கவில்லை. சாதாரண விஷயங்கள்தான் கொடுத்தன.

முதலாவது ஸ்டீராய்டு. பிரெட்னிசொலோன் அல்லது டிஃப்லாசகோர்ட். நடை நிற்பதைச் சில வருடம் தள்ளிப்போடும், முதுகு வளைவதைக் குறைக்கும், நுரையீரலையும் காக்கும். விலையோ மலிவு. பக்கவிளைவு உண்டு: பசி, எடை, எலும்பு பலவீனம், வளர்ச்சிக் குறைவு, கோபம். தம்பி ஒரே மூச்சில் மூன்று ரொட்டி சானாய் கேட்பான், இல்லையென்றால் தட்டு பறக்கும். வீட்டில் இனிப்புப் பானம் வாங்குவதையே நிறுத்தினோம், நாங்கள் எல்லாரும் சேர்த்து. ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும். மாத்திரையும் நின்றால் உயிருக்கே ஆபத்து. விரதம், வாந்தி, மாத்திரை தீர்ந்துபோச்சு என்று எந்தக் காரணமாக இருந்தாலும் உடனே மருத்துவரைக் கேளுங்கள்.

இரண்டாவது நீட்டுதல். தினமும் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூட்டுகளை மெதுவாக நீட்டிப் பிடிக்க வேண்டும். இரவில் கணுக்காலுக்குத் தாங்கி. நீச்சல் நல்லது, களைப்பு வருமுன் நிறுத்த வேண்டும். எடை தூக்குவது, குதிப்பது வேண்டாம். வார இறுதியில் நான் வீட்டுக்குப் போனால் நீட்டுகிற வேலை என்னுடையது. தோப்புக்கரணத்துக்குப் பதில் இது என்று தம்பியே கிண்டல் பண்ணுவான்.

மூன்றாவது இதயம். இதயமும் தசைதானே. அறிகுறி எதுவும் தெரியாதபோதே எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும், நோய் உறுதியானதிலிருந்தே ஆண்டுதோறும். 10 வயதையொட்டி, இதயம் நன்றாக இருந்தாலும், ஏ.சி.இ. தடுப்பான் என்ற இரத்த அழுத்த மருந்தை ஆரம்பிப்பது இன்றைய வழக்கம். நான்காவது மூச்சு. காலையில் தலைவலி, பகலில் தூக்கம், இரவில் அடிக்கடி விழிப்பது, இருமலில் வலு இல்லாதது: இவை மூச்சுத் தசை களைத்துவிட்டதன் அடையாளம். பைபாப் என்ற முகமூடி இயந்திரம் இரவில் மூச்சைத் தள்ளிக்கொடுக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூச்சுத்திணறல் என்றதும் ஆக்சிஜனை மட்டும் வைத்துவிட்டால், வெளியேற வேண்டிய கரியமில வாயு உள்ளேயே தேங்கி ஆளை மயக்கிவிடலாம். மயக்க மருந்திலும் அப்படித்தான்: சக்ஸமெத்தோனியம் என்ற தசை தளர்த்தியும், மூச்சில் இழுக்கிற சில மயக்க வாயுக்களும் இவர்களுக்கு ஆகாது. பல் பிடுங்கப் போனாலும் முதலில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். தம்பியின் சக்கர நாற்காலிப் பையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டை தொங்குகிறது. நான் அச்சடித்து லேமினேட் செய்தது. என் படிப்பால் அவனுக்குக் கிடைத்த முதல் பொருள் அதுதான்.

சமூகநலத் துறையில் ஓ.கே.யூ. அட்டைக்குப் பதிய சித்தி இரண்டு வருடம் தயங்கினாங்க. "என் பிள்ளைக்கு முத்திரை குத்துறதா?" என்பது அவர்கள் கேள்வி. பதிந்த பிறகுதான் உதவித்தொகை, உபகரணம் பற்றிய கதவுகள் திறந்தன. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. கல்வியும் பொதுக் கட்டடங்களுக்குள் நுழைவதும் அதில் உரிமை. தம்பியின் வகுப்பை முதல் மாடியிலிருந்து கீழே மாற்றக் கடிதம் எழுதியபோது அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டோம்.

இப்போது எங்கள் வீட்டுக்கே வந்த விஷயம். அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரு தம்பி இருந்தார். கூலாய் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டில், 1989-இல், 17 வயதில் இறந்தார். போலியோ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மருத்துவர் குடும்ப மரத்தை வரையச் சொன்னபோது பாட்டி மெதுவா சொன்னாங்க: "அவனும் இப்படித்தான்யா தொடையைப் பிடிச்சு எழுந்திரிப்பான்." முப்பது வருடத்துக்கு மேல், "நீ என்ன பாவம் செஞ்சியோ" என்று ஊர் சொன்னதைப் பாட்டி சுமந்திருக்கிறார். கோவிலில் சித்தியிடமும் ஒருவர் முன்வினை என்று ஆரம்பித்தார். நம் நூல்கள் வினையைப் பற்றிப் பேசுவது தன் வாழ்க்கையைத் தான் பார்த்துக்கொள்வதற்கு. அடுத்தவர் பிள்ளையைப் பார்த்துத் தீர்ப்பு எழுத அது ஆயுதம் இல்லை. நான் அன்று அவரிடம் இதைச் சொல்லவில்லை, மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன்.

ஆணுக்கு ஒரே எக்ஸ். அதில் பழுது என்றால் நோய். பெண்ணுக்கு இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் தாங்கும், அவர் கடத்தி. கடத்தியான தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி, ஒவ்வொரு மகளும் கடத்தியாகப் பாதிக்குப் பாதி. மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் தாய் கடத்தியே இல்லை, பழுது புதிதாக உண்டானது. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. பாட்டி கடத்தி, சித்தி கடத்தி. அப்படியானால் அம்மா? பாதி வாய்ப்பு. எனக்கு நோய் இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்தால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, என் அக்காவுக்கு ஆறில் ஒன்று. நிகழ்தகவுப் பாடத்தில் ஏ எடுத்தவன் நான். இந்தக் கணக்கைப் போட்டபோது கை நடுங்கியது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று சிலர் சொன்னார்கள். டுஷேனுக்கு அது காரணம் இல்லை. இடுப்பு தோள் வகையில் பல, தாய் தந்தை இருவரும் பழுதைச் சுமந்தால்தான் வரும். அங்கேதான் மாமன் மகள், அத்தை மகன் திருமணம் ஆபத்தைக் கூட்டும். அந்த வகை பெண்களுக்கும் வரும்.

பெண்களுக்குத் தசைச்சிதைவு வந்தால் வாழ்க்கை என்ன என்று கேட்பவர்கள் சேலத்தைப் பார்க்கலாம். வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள், இருவருக்கும் தசைச்சிதைவு. தங்களைப் போன்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி நடத்தினார்கள். வானவன் மாதேவி 2017-இல் காலமானார். பாட்டிக்கு அவர்களுடைய காணொளியைப் போட்டுக் காட்டினேன். மறுபடி போடச் சொன்னார்.

அக்காவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அம்மா சோதனைக்கு வர மறுத்தாங்க. "சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" அக்காதான் முடிவெடுத்தாள். மாப்பிள்ளையிடம் தானே உட்கார்ந்து, பலகையில் நான் போட்ட அதே அப்பா அம்மா தம்பி விளையாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அவர் கேட்டது ஒரே கேள்வி: "உனக்கு உடம்புக்கு ஏதும் வருமா?" நல்ல கேள்வி. கடத்திப் பெண்கள் சிலருக்கு இதயம் பலவீனமாகலாம். ஆகவே அவர்களும் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். அம்மா பிறகு வந்தார். முடிவு: அம்மா கடத்தி. இதயம் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. ஆக அக்காவின் கணக்கு ஆறில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்று ஆகிவிட்டது. அவளிடம் இரத்தம் எடுத்து மூன்று வாரம் ஆகிறது. இதை எழுதும் வரை முடிவு வரவில்லை. கல்யாணத் தேதி மாறவில்லை.

கடைசியாகக் கோவில் படி. எங்கள் தாமான் கோவிலுக்கு மூன்று படி, படிக்கு 15 சென்டிமீட்டர், மொத்தம் 45. தம்பி 11 வயதில் நடப்பதை நிறுத்திய பிறகு நான்கு பேர் நாற்காலியோடு தூக்குவோம். மின்சார நாற்காலி வந்ததும் அது முடியவில்லை. கமிட்டியில் ஒரு மாமா, "ஒன்றரை மீட்டர் பலகை போட்டா போதும்பா" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன்: அது 17 பாகைக்கு மேல், நாற்காலி பின்னால் கவிழும். மலேசியத் தரநிலை எம்.எஸ். 1184 சொல்வது ஒன்றுக்குப் பன்னிரண்டு. 45 சென்டிமீட்டர் ஏற 5.4 மீட்டர் வேண்டும். முன்பக்கம் இடமில்லை. செருப்பு வைக்கிற பக்கமாக, நடுவில் ஒரு திருப்பத் தளம் வைத்து வளைத்தோம். இளைஞர் பிரிவு இரண்டு வார இறுதி சிமெண்ட் குழைத்தது. இப்போது வயதான பாட்டிகளும் பிள்ளை வண்டி தள்ளும் அம்மாக்களும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

இந்தக் கட்டுரையைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். மூன்று திருத்தம் சொன்னான். ஒன்று, தட்டு பறந்தது ஒரே ஒரு தடவைதானாம். இரண்டு, கோவிலுக்கு வரும் அண்ணன்மார் பின்னாலிருந்து கேட்காமல் நாற்காலியைத் தள்ளக்கூடாது, அவனிடம் ஜாய்ஸ்டிக் இருக்கிறது. மூன்று, சாய்தளம் முடிகிற இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் விளிம்பு நிற்கிறது, முன்சக்கரம் ஒவ்வொரு வாரமும் அதில் முட்டுகிறது, பொறியாளர் எப்போது சரி செய்வார் என்று கேட்டான். அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. வருபவர்கள் கரண்டியும் வாளியும் கொண்டு வாருங்கள்.